பழைய வண்டியும் பழகிய கைகளும்

பழைய காரை வாங்குவோர் இருவகையினர். புதியதை வாங்க இயலாமையாற் பழையதை நாடுவோர் ஒருவகை; புதியது எத்தனை கிடைப்பினும் பழையதன்றி வேறொன்றில் மனஞ் செல்லாதோர் மற்றொரு வகை. முன்னவரைத் தேவை செலுத்துகிறது. பின்னவரை ஆசை செலுத்துகிறது. இவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டு நகைப்பது உலக வழக்கம். தேவைக்காரனுக்கு ஆசைக்காரன் பித்தனாகத் தோன்றுவான்; ஆசைக்காரனுக்குத் தேவைக்காரன் சுவையறியாதவனாகத் தோன்றுவான். ஆயினும் மட்டக்களப்பு வாவிக்கரையிலே நின்று நோக்கினால், இருவரும் ஈற்றில் ஒரே கராஜின் வாசலில், ஒரு முதிய தகரவேலைக்காரரின் முன்னே காத்து நிற்கவேண்டியவர்களே என்பது விளங்கும். அந்த முதியவருக்குப் பின் யார் என்ற கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இலங்கையிற் பழைய வாகனங்கள் நீண்ட ஆயுள் பெற்றதற்குக் காரணம் நம்மவரின் கலையார்வம் மட்டுமன்று. 1960களில் அந்நியச் செலாவணி வறண்டபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977க்குப் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த வண்டியைக் காப்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். அந்த ஐந்தாண்டுகளில், வளவின் மூலையில் ஓலைக் கொட்டிலின்கீழ் உறங்கிய எத்தனையோ பழைய வண்டிகளை மக்கள் புதிய கண்கொண்டு பார்த்தனர். தேவை ஆசைக்கு ஆசிரியனாவதும் உண்டு.

மூன்று நாட்டார் இட்ட பெயர்கள்

இங்கே நாம் எடுத்துக்கொள்வது சாதாரணக் காரன்று. கூரை பின்வரை நீண்டு, பின்புறம் கதவு திறந்து, ஆளையும் பொருளையும் ஒருங்கே ஏற்றும் வகை. ஆங்கிலேயர் இதனை ‘எஸ்டேட்’ என்றனர். தமது பண்ணைகளையும் வேட்டை நாய்களையும் அவர்கள் எண்ணியிருத்தல் வேண்டும். அமெரிக்கர் ‘ஸ்டேஷன் வாகன்’ என்றனர். புகையிரத நிலையத்திற் பயணிகளையும் பெட்டிகளையும் ஏற்றிய வண்டி அது. இத்தாலியரோ ‘ஜார்தினியேரா’ என்றனர். தோட்டத்தோடு தொடர்புடைய பெயர். பிறகு ‘பமிலியாரே’ என்றனர். குடும்பத்துக்குரியது என்பது பொருள். ஒரே வடிவத்திற்கு மூன்று நாட்டார் இட்ட பெயர்களிலே மூன்று வாழ்க்கைகள் தெரிகின்றன. நம் நாட்டிலே நெல் மூடையும் தயிர்ச்சட்டியும் கலியாண வீட்டுக் கூட்டமும் ஒருசேர ஏறும் வண்டிக்கு, இத்தாலியர் இட்ட ‘குடும்ப வண்டி’ என்ற பெயரே மிகப் பொருந்தும்.

இத்தாலியின் தூரின் நகரில் 1899ஆம் ஆண்டு தோன்றியது பியட் நிறுவனம். அது 1953ஆம் ஆண்டு ஜெனீவாக் கண்காட்சியில் அறிமுகஞ் செய்த 1100 என்ற கார், போருக்குப் பிந்திய இத்தாலிய நடுத்தர வகுப்பின் கனவாக விளங்கியது. நான்கு சிலிண்டர், 1089 கன சென்ரிமீற்றர் எஞ்சின், ஸ்ரியரிங் தண்டோடு பொருந்திய கியர்க்கோல், தொடக்கத்தில் 36 குதிரைவலு. இன்றைய கணக்கில் இது சிறு வலுவே. ஆனால் நால்வரை ஏற்றிக்கொண்டு அவசரமின்றிச் செல்ல அது போதும். அடுத்த ஆண்டிலேயே அதன் பமிலியாரே வடிவமும் வெளிவந்தது. பிரித்தானியரின் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஹில்மனும் ஆட்சி செய்த இலங்கைத் தெருக்களில் பியட்டும் தனக்கென ஓரிடம் பெற்றிருந்தது.

இத்தகைய வண்டியொன்று விலைக்கு வருமாயின், ஆர்வலர் முதலிற் கேட்பது, “உதிரிப்பாகம் கிடைக்குமா?” என்பதே. இதற்கு மறுமொழி பாக்குநீரிணைக்கு அப்பால் இருக்கிறது. பம்பாயிலிருந்த பிறிமியர் நிறுவனம் 1950களின் நடுப்பகுதியில் இதே 1100 காரை இந்தியாவில் உருவாக்கத் தொடங்கியது. 1974இல் அதற்குப் பத்மினி என்ற பெயர் வந்தது. நூற்றாண்டின் இறுதிவரை அது உற்பத்தியாயிற்று. மும்பைத் தெருக்களில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடிய பத்மினி வாடகைக் கார்கள் 2023 ஒக்டோபர் இறுதியிலேதான் முற்றாக விடைபெற்றன. ஆகவே எஞ்சினைப் பொறுத்தமட்டில், தூரினிற் பிறந்த இந்தக் குடும்பத்திற்கு அயலிலே பெருங்கிளை ஒன்று உண்டு. ஆனால் நீண்ட கூரைக்கும், பின்கதவுக்கும், பக்கக் கண்ணாடிச் சட்டத்திற்கும் உறவினர் அரியர். எஞ்சினுக்கு வேண்டியதைத் தேடிப் பெறலாம். உடலுக்கு வேண்டியதைக் கையாற் செய்தே ஆகவேண்டும். பழைய குடும்ப வண்டியை வாங்குபவன், அறிந்தோ அறியாமலோ, ஒரு கைவினைஞனின் தயவை வாங்குகிறான்.

கறளின் இலக்கணம்

அக்கைவினைஞனுக்கு முதற் பகை உப்பு. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது மட்டக்களப்பு வாவி. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரை ஊர்களுக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் உவர் நீர். காற்று எத்திசையிலிருந்து வீசினும் ஈரத்தோடு உப்பையும் கொண்டுவருகிறது. கல்லடியில், ஆளுநர் மானிங்கின் துணைவியார் பெயரைத் தாங்கி நிற்கும் பழைய இரும்புப் பாலத்தைப் பாருங்கள். 2013இற் புதிய பாலம் திறக்கப்படும்வரை பல தலைமுறைகளின் பாரத்தை அந்த ஒடுங்கிய பாலம் தாங்கியது. உவர்நீரின் மேலே நிற்கும் இரும்புக்குப் பூச்சே உடை; உடை கிழிந்த இடத்திற் கறள் குடிபுகும்.

கறள் என்பது அழுக்கன்று. அது ஒரு வினை. இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேருமிடத்து அது நிகழ்கிறது. உப்புக் கலந்த நீர் மின்னை எளிதிற் கடத்துவதால், தகட்டின் ஒரு புள்ளிக்கும் மறு புள்ளிக்கும் இடையே நுண்ணிய மின்கலங்கள் தோன்றி, வினை விரைகிறது. கறள் தான் தின்ற இரும்பிலும் அதிகமான இடத்தைப் பிடிப்பது. எனவே இரு தகடுகள் ஒட்டிய மூட்டில் அது புகுந்தால், வீங்கி மூட்டையே பிளந்துவிடும். வெளியே தெரியும் கறள் பெரும்பாலும் கதையின் கடைசி அத்தியாயம். முதல் அத்தியாயம் உள்ளே எழுதப்பட்டிருக்கும்.

பியட் 1100 காரில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. முற்காலக் கார்களில் அடிச்சட்டம் வேறு, உடல் வேறு. உடல் உளுத்தாலும் சட்டம் தாங்கும். இதிலோ தனிச்சட்டம் இல்லை. தகடுகளை மடித்துப் பெட்டிபோல் ஒட்டிய உடலே எலும்பும் தோலுமாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. கதவுகளின் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டிச்சட்டம் உளுத்துவிட்டால், அது அழகுக்கேடு அன்று, முதுகெலும்பு முறிவு.

ஆகையால் வாங்கச் செல்பவர் மினுங்கும் பூச்சைப் பார்த்து மயங்கலாகாது. ஒரு சிறு காந்தத்தைத் துணியிற் சுற்றி எடுத்துச் செல்லட்டும். தகடு உள்ள இடத்திற் காந்தம் ஒட்டும். புட்டி அப்பி மறைத்த இடத்தில் வழுகிவிடும். விரற்கணுவால் தட்டிப் பார்க்கட்டும். நல்ல தகடு கணீரென்று விடை சொல்லும், உளுத்த தகடு வாயடைத்து நிற்கும். தரைவிரிப்பைத் தூக்கித் தளத்தகட்டை நோக்கட்டும். கதவடியின் நீர்வடி துளைகள் திறந்திருக்கின்றனவா என்று குனிந்து பார்க்கட்டும். பின்கதவைத் திறந்து, அதன் பிணைச்சல் தாங்கும் தூணைக் கையால் அசைத்துப் பார்க்கட்டும்.

இவற்றினும் மேலான சோதனை ஒன்று இப்பகுதிக்கு உண்டு. “2004 டிசம்பர் 26ஆம் திகதி இவ்வண்டி எங்கே நின்றது?” என்று விற்பவரிடம் கேட்டறிதல் வேண்டும். ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் வாரிய அந்நாளில் கடல்நீர் உட்புகுந்த வாகனம், பின்னர் எவ்வளவு கழுவப்பட்டாலும், தன் பெட்டிச்சட்டங்களின் உள்ளே உப்பைச் சேமித்து வைத்திருக்கும். இக்கேள்வியை மென்மையாகவே கேட்கவேண்டும். அந்நாளில் வண்டியை மட்டுமா மக்கள் இழந்தனர்?

இலக்கத்தகடும் ஒரு சரித்திர ஏடே. பழைய ஆங்கில எழுத்துகளைத் தாங்கியது முந்தியது. 1950களின் பிற்பகுதியில் வந்த சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைத் தாங்கியது பிந்தியது. அந்த ஓரெழுத்தின் பொருட்டுத் தமிழர் நடத்திய எதிர்ப்பு 1958இல் நாட்டையே உலுக்கியதை ஆசிரியர்கள் அறிவர். தகட்டிலுள்ள இலக்கமும், பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கமும், எஞ்சினிலும் உடலிலும் பொறித்த இலக்கங்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தபின்னரே பணத்தை எண்ணவேண்டும். இடப்பெயர்வுகள் மலிந்த மண்ணிலே வண்டி தப்பி, அதன் பத்திரம் தப்பாது போயிருக்கவுங் கூடும்.

உறங்கியதை எழுப்பும் முறை

வாங்கியாயிற்று. இனி எழுப்புதல். இங்கேதான் ஆர்வத்துக்கும் பொறுமைக்கும் போட்டி. பல்லாண்டு உறங்கிய எஞ்சினை அன்றே முழங்கவைத்துக் கேட்கும் ஆசை பெரிது. அந்த ஆசைக்கு இடங்கொடுத்தால் இழப்பும் பெரிது. சிலிண்டரின் சுவரிற் படிந்த கறள், பிஸ்டனின் வளையங்களைக் கடித்துக் கொண்டிருக்கும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது ஒயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்து, பின்னர் கைப்பிடியால் மெல்லச் சுழற்றிப் பார்க்கவேண்டும். பழைய ஒயிலை வடித்துப் புதியதை வார்க்கவேண்டும். பெற்றோல் தொட்டியைக் கழற்றிக் கழுவி, காபரேற்றரின் நுண்துளைகளை ஊதித் துப்புரவாக்கவேண்டும். அதன் பின்னரே பற்றறியின் நினைவு வரலாம்.

இவையெல்லாவற்றிற்கும் முன்னே செய்யவேண்டியது ஒன்றுண்டு. அது பிறேக். இறப்பர் கிண்ணங்கள் இறுகியிருக்கும். குழாய்கள் உள்ளே அடைத்திருக்கும். ரயர்கள் பார்வைக்குப் புதிதாயிருப்பினும் காலத்தால் வெடித்திருக்கும். ஓடாத கார் எவரையும் கொல்வதில்லை; நில்லாத கார் கொல்லும். ஆகவே நிற்கப் பழக்கிய பின்னரே வண்டியை ஓடப் பழக்கவேண்டும்.

வாவிக்கரைக்கே உரிய எச்சரிக்கை மற்றொன்று. 1100 காரின் சிலிண்டர்த் தலை அலுமினியத்தால் ஆனது. அதன் கீழுள்ள உடல் வார்ப்பிரும்பு. இரு உலோகங்கள் உப்புநீரிலே சந்திக்குமிடத்து அரிப்பு மிகும். இங்குள்ள கிணறுகள் பலவற்றின் நீர் உவர்த்தன்மை உடையது. அந்நீரை றேடியேற்றரில் ஊற்றுவது, கறளுக்கு விருந்து வைப்பதை ஒக்கும். மாரிகாலத்துச் சுத்தமான மழைநீரோ, காய்ச்சி வடித்த நீரோ, கறளைத் தடுக்கும் மருந்தோடு சேர்த்து ஊற்றப்படல் வேண்டும். நீர் சூடேறிக் கொதித்தால் அலுமினியத் தலை நெளியும். நெளிந்த தலையைச் சமப்படுத்தும் செலவு, ஒரு போத்தல் நல்ல நீரின் விலையைவிடப் பன்மடங்கு.

ஒட்டை மறைக்கலாமா?

வண்டி எழுந்து ஓடத் தொடங்கியதும் ஆர்வலரின் உள்ளத்தில் வேறொரு விவாதம் எழும். இதனைத் தூரின் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்தது போலவே ஆக்கவேண்டுமா? அல்லது, வாழ்ந்த வாழ்க்கையின் தழும்புகளோடு விட்டுவிட வேண்டுமா?

மேனாட்டார் இவ்விவாதத்தை நெடுங்காலம் நடத்தினர். பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012இல் ஒரு சாசனத்தை ஏற்றது. பியட் பிறந்த நகரின் பெயராலேயே அது ‘தூரின் சாசனம்’ எனப்படுகிறது. பழங்கட்டடங்களைப் பேணுவதற்கென 1964இல் எழுந்த வெனிஸ் சாசனத்தின் வழியிலே, பழைய வாகனமும் பண்பாட்டுச் செல்வமே என்று அது கொள்கிறது. புதிதாக்குவதினும் பேணுவது மேல் என்பது அதன் போக்கு. வண்டி பிறந்தபோது இருந்த வடிவம் மட்டுமன்றி, அது வாழ்ந்த வரலாறும் மதிப்புக்குரியது என்று அது உணர்த்துகிறது.

இக்கொள்கையை நம் மண்ணிலே வைத்துப் பார்ப்போம். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் மரம் விழுந்து நசுங்கிய ஒரு கூரையை, கிடைத்த தகட்டைக் கொண்டு ஒருவர் அடித்து நிமிர்த்தியிருக்கலாம். போர்க்காலத்தில் உதிரிப்பாகம் வராத ஆண்டொன்றிலே, வேறொரு வண்டியின் பாகத்தைக் கடைந்து ஒருவர் பொருத்தியிருக்கலாம். 1990களில் வடக்கிலே பெற்றோல் தடைப்பட்டபோது, பழைய ஒஸ்ரின் ஏ-40 கார்கள் சில துளி பெற்றோலிற் கண்விழித்து, மண்ணெண்ணெயில் ஓடியதை எவர் மறப்பார்? இத்தகைய ஒட்டுகளைச் சுரண்டி எறிந்துவிட்டு, இத்தாலியிலிருந்து வரவழைத்த பாகத்தை மாட்டினால், கார் தூய்மை அடையும், ஆனால் ஊமையாகிவிடும். தூரின் ஆலையின் அச்சு அழுத்திய தகடு சரித்திரமென்றால், கிழக்கிலங்கைச் சுத்தியல் அடித்த தகடும் சரித்திரமே.

இதனால் உளுத்ததை அப்படியே விடுக என்று நாம் சொல்லவில்லை. பாரந் தாங்கும் சட்டமும், பிறேக்கும், ஸ்ரியரிங்கும் ஐயத்துக்கு இடமின்றிப் புதுப்பிக்கப்படல் வேண்டும். அங்கே பழமையின் மேற் பரிவு கொள்வது பாவம். ஆனால் உயிருக்கு ஊறு செய்யாத ஒட்டை மறைக்கவேண்டியதில்லை. அதனை யார் எந்த ஆண்டிற் செய்தார் என்று அறிய முடிந்தால், வண்டியின் குறிப்பேட்டிலே எழுதிவைப்பது நன்று. கோயிற்றூணிலே கொடையாளியின் பெயர் நிற்கிறது; காரைக் காத்தவரின் பெயர் ஒரு கொப்பியிலாவது நிற்கலாகாதா?

கைகள் மறையுமுன்

நம் பகுதியின் மிகப் பெரிய மீட்பு முயற்சி எது என்று கேட்டால், விபுலாநந்த அடிகளாரின் யாழ் ஆராய்ச்சியை எவரும் சொல்வர். காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானங் கற்று, விஞ்ஞானங் கற்பித்து, துறவியான அப்பெரியார், வழக்கொழிந்த யாழைப் பல்லாண்டு உழைத்து ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலை அரங்கேற்றினார். அவ்வுழைப்பு அத்துணைக் கடினமானதற்குக் காரணம் யாது? யாழைச் செய்த கைகளும், அதை மீட்டிய கைகளும் எப்போதோ மறைந்துவிட்டன. எஞ்சியவை பழந்தமிழ் நூல்களிலுள்ள குறிப்புகளே. எழுத்தைக் கொண்டு ஒலியை மீட்க ஓர் அடிகளார் வேண்டியிருந்தது.

பழைய காரை யாழோடு ஒப்பிடுவது மிகையென்று சிலர் முகஞ் சுளிக்கலாம். ஒப்பிடுவது பொருளை அன்று, இழப்பின் முறையை. தட்டையான தகட்டை மணற்பையின் மேல் வைத்துத் தட்டித் தட்டி வளைவாக்கும் கை இன்னும் இருக்கிறது. எஞ்சினின் ஒலியைக் கேட்டே எந்த வால்வு இறுகியதென்று சொல்லும் செவி இன்னும் இருக்கிறது. ஆனால் அவற்றிற்கு உரியவர்கள் முதுமை எய்துகிறார்கள். கணினி பொருத்திய புதிய வாகனங்களைத் திருத்தப் பயிலும் இளைஞருக்கு இவ்வேலை தேவைப்படுவதில்லை. குறைசொல்லிப் பயனில்லை, கூலி எங்கே இருக்கிறதோ அங்கே கல்வி செல்லும்.

ஆயினும் இக்கைத்திறனைக் கூலியாக மாற்ற முடியாதென்பதும் உண்மையன்று. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் கார்களைப் புதுப்பித்துவந்த சாள்ஸ் வெயர் என்பவர், நெடுநாள் உழைக்கும் காரே சிக்கனமான கார் என்ற கொள்கையுடையவர். அவர் 1990களின் தொடக்கத்தில் இலங்கையர் ஒருவரோடு இணைந்து, தென்னிலங்கையிலே மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்விக்கத் தொடங்கினார். பிரித்தானியாவிற் பிறந்த காருக்கு இலங்கைக் கைகள் உறுப்புச் செய்து கொடுத்தன. அந்த வழியிற் கிழக்கின் கைகள் செல்ல முடியாதா?

ஆகவே வாவிக்கரையிற் பழைய இத்தாலிய வண்டியொன்றை வாங்க எண்ணும் அன்பருக்கு நாம் சொல்லக்கூடியது இது. வண்டியைக் கராஜில் விடும்போது, அந்த முதிய கைவினைஞரின் அருகே ஓர் இளைஞனையும் விடுங்கள். அவனுடைய நாட்கூலியையும் வண்டியின் செலவுக் கணக்கிலே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் தம் மாணவரை அங்கே ஒரு பிற்பகல் அழைத்துச் செல்லட்டும். இரசாயனப் பாடத்தின் ஒட்சியேற்றத்தை அவர்கள் கதவடியிலே கண்ணாற் காணலாம். பட்டறையில் வழங்கும் சொற்களை எழுதித் தொகுத்தால், எந்த அகராதியிலும் ஏறாத தமிழ் ஒரு கொப்பி நிறையக் கிடைக்கும். பதப்படுத்திய தகடும் வண்ணப் பூச்சும் ஒரு வண்டியைச் சில ஆண்டுகள் காக்கும். அடுத்த முறை கறள் பிடிக்கும்போது அதனைக் காக்கத் தெரிந்தவர் இவ்வூரில் இருக்கவேண்டுமென்றால், அவர் இன்றைக்கே பயிலத் தொடங்கவேண்டும்.